நீண்ட குளிர்காலத்தில் அயர்ந்துபோகும் நம் பிள்ளைகள்: செட்டிநாட்டுப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் தேவகோட்டைக்காரி. பள்ளிக்கூடத்தில் 31 வருடம் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். என் மகள் கனடாவில், எட்மண்டன் நகரத்தில், ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஒரு நவம்பரில் அவளிடம் போய் ஏப்ரல் கடைசி வரை இருந்துவிட்டு வந்தேன். திரும்பி வந்த நாளிலிருந்து கல்யாணப் பந்தியிலும் கொப்புடையம்மன் கோயில் வாசலிலும் காரைக்குடி பஸ்ஸிலும் என்னைப் பிடித்து நிறுத்திக் கேட்கிறார்கள். கனடா, அமெரிக்கா, இங்கிலாந்து, ஸ்வீடன் என்று பிள்ளைகளை அனுப்பிவிட்டு, போனில் அந்தக் குரல் மாறிப்போவதைக் கேட்டுக் கலங்கும் தாய் தகப்பன்மார் இவர்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. எங்கே மருத்துவரிடம் போக வேண்டுமோ அங்கே அதைச் சொல்லியிருக்கிறேன்.

எப்போது போன் செய்தாலும் தூங்கிக்கொண்டிருந்தேன் என்கிறான். பிள்ளை சோம்பேறியாகிவிட்டானா?

இல்லை. இந்தக் கேள்வியை நான் என் மகளிடம் நேராகவே கேட்டவள் என்பதால் முதலில் இதற்குப் பதில் சொல்கிறேன்.

அவள் போன முதல் வருடம், ஜனவரி மாதம், ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணி வரை படுக்கையில் இருந்தாள் என்று தெரிந்தது. "வீட்டுக்குள் ஹீட்டர், வாசலில் கார், கை நிறையச் சம்பளம். உனக்கு என்ன குறை?" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த இரண்டு வாரம் அவளாகப் போன் செய்யவும் இல்லை. அவளிடம் என்ன குறை என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை என்பதை இரண்டு வருடம் கழித்து, அதே வீட்டில், அதே ஜனவரியில் நான் படுத்துக் கிடந்தபோதுதான் உணர்ந்தேன்.

வடக்கே போகப் போக, குளிர்கால மாதங்களில் உடம்பு ஓர் அயர்ச்சிக்குள் போகிறது. எட்டு மணி நேரம் தூங்கியும் போதாது. காலையில் எழுவது பெரும் பாடு. சோறு, ரொட்டி, இனிப்பு என்று மாவுப் பண்டங்களையே மனம் கேட்கும், எடை கூடும். யாரையும் பார்க்கப் பிடிக்காது. பிடித்த வேலையில் கை ஓடாது. பலருக்கு இது லேசாக வந்து போகிறது. சிலருக்கு நோயாகவே முற்றுகிறது. இந்த நோயை 1984-ல் நார்மன் ரோசந்தால் என்ற மனநல மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் அமெரிக்காவில் விவரித்துப் பெயர் கொடுத்தார்கள். பருவகால மனச்சோர்வு என்று நாம் சொல்லலாம். ரோசந்தால் தென்னாப்பிரிக்காவில் வளர்ந்தவர். வெயில் ஊரிலிருந்து நியூயார்க் போய், அங்கே குளிர்காலத்தில் தன் சுறுசுறுப்பு வடிவதைத் தன்னிடமே கவனித்தவர். நம் பிள்ளைகளின் கதையும் அதுவே.

ஹீட்டர் இருக்கிறதே, பிறகு குளிர் என்ன செய்துவிடும்?

குளிரை அவர்கள் சமாளித்துவிடுகிறார்கள். அடுக்கடுக்காக உடுப்பு போட்டுக்கொள்கிறார்கள். இரவில் எஞ்சின் விறைத்துவிடாமல் இருக்கக் காருக்குக்கூட மின்சார வயர் செருகி வைக்கிறார்கள். அயர்ச்சிக்கு முக்கியக் காரணம் வெளிச்சம் குறைவது. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும், ஏனென்றால் நாம் இங்கிருந்து கம்பளியாக வாங்கி அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

அப்படி என்ன இருட்டு? நமக்கும்தான் மார்கழியில் சீக்கிரம் பொழுது சாய்கிறது.

புவியியல் ஆசிரியை என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடி பூமத்திய ரேகைக்கு 10 பாகை வடக்கே இருக்கிறது. நமக்கு வருடத்திலேயே குறுகிய பகல், டிசம்பர் 21-ஐ ஒட்டி, ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரம். நீண்ட பகல், ஜூனில், பன்னிரண்டே முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவு. வருடம் முழுவதும் பார்த்தாலும் வித்தியாசம் ஒன்றேகால் மணியைத் தாண்டாது. நம் உடம்பு பிறந்ததிலிருந்து இந்தத் தாளத்தில் பழகியது.

எட்மண்டன் 53½ பாகையில் இருக்கிறது. டிசம்பர் 21-ல் அங்கே சூரியன் காலை 8.48-க்கு எழுந்து மாலை 4.16-க்கு மறைந்துவிடும். ஏழரை மணி நேரத்துக்கும் குறைவான பகல். லண்டனில் எட்டு மணிக்கும் குறைவு. டொராண்டோவில் ஒன்பது மணிக்குச் சற்றுக் குறைவு. என் மகள் காலை எட்டு மணிக்கு இருட்டில் வீட்டை விட்டுக் கிளம்பி, ஐந்து மணிக்கு இருட்டில் திரும்புவாள். வேலை பார்க்கும் கூடத்தில் ஜன்னல் கிடையாது. திங்கள் முதல் வெள்ளி வரை சூரியனை அவள் பார்ப்பதே இல்லை.

இருக்கிற பகலும் நம் பகல் மாதிரி இருக்காது. டிசம்பர் நண்பகலில் நம் ஊர்ச் சூரியன் 56 பாகை உயரத்தில் நிற்கிறது. எட்மண்டனில் 13 பாகை. உச்சி வேளையில் வாசலுக்குப் போய்ப் பார்த்தால், நம் ஊரில் பொழுது சாயப்போகிற நேரத்தில் பனைமர வரிசைக்கு மேலே நிற்குமே, அந்த உயரத்தில் நிற்கிறது. பூமியின் அச்சு 23½ பாகை சாய்ந்திருக்கிறது என்று 31 வருடம் கரும்பலகையில் படம் போட்டவள் நான். அந்தச் சாய்வு ஒரு பெண்ணைப் படுக்கையிலிருந்து எழவிடாமல் செய்யும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

"விளக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே?" என்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் கணக்கிடுகிறார்கள். நல்ல வெயிலில் நம் முற்றத்தில் 50,000 முதல் ஒரு லட்சம் லக்ஸ் இருக்கும். மேகம் மூடிய பகலில்கூட வெளியே ஆயிரக்கணக்கில் இருக்கும். விளக்குப் போட்ட ஒரு சாதாரண அறைக்குள் சில நூறு மட்டுமே. கண்ணுக்கு இது பெரிய வித்தியாசமாகத் தெரியாது, ஏனென்றால் கண் தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் மூளைக்குள் இருக்கும் கடிகாரம் ஏமாறாது. விழித்திரையில் விழும் காலை வெளிச்சம்தான் அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறது. தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பை நிறுத்தச் சொல்கிறது. அந்த வெளிச்சம் வராவிட்டால் ஆள் எழுந்து பல் துலக்கி வேலைக்குப் போன பிறகும் உடம்பு ராத்திரியிலேயே இருக்கிறது.

நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். வளவுக்கு, அதாவது உள்வீட்டுக்கு, நடுவே வானத்தைப் பார்த்துத் திறந்த முற்றம். வெயில் நேராக உள்ளே விழுகிறது, மழையும் விழுகிறது. சுற்றுப்பத்தியில் உட்கார்ந்து அரிசி புடைத்தாலும் பேசிக்கொண்டிருந்தாலும் வெளிச்சம் மேலே படாமல் இருக்காது. என் மகள் முதல் மூன்று வருடம் இருந்தது ஒரு வீட்டின் பேஸ்மெண்டில், அதாவது தரைக்குக் கீழே உள்ள தளத்தில். வாடகை குறைவு என்பதால் புதிதாகப் போகும் பிள்ளைகள் பலர் அங்கேதான் இருக்கிறார்கள். கூரையை ஒட்டி ஒரு முழ அகலத்தில் ஒரு ஜன்னல். பனி கொட்டினால் அதையும் மூடிவிடும்.

டிசம்பரில் நன்றாகத்தானே சிரித்துப் பேசினாள்? பிப்ரவரியில் ஏன் இப்படி?

எல்லோரும் டிசம்பரைத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் டிசம்பரில் மனதைப் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறது. முதல் பனி அழகு. கடைத்தெருவெல்லாம் கிறிஸ்துமஸ் விளக்கு. நமக்கோ பிள்ளையார் நோன்பு.

அதைச் சொல்லியே ஆக வேண்டும். திருக்கார்த்திகையிலிருந்து நாளுக்கு ஒரு நூலாக 21 நாள் எடுத்துச் சேர்த்து, திரித்து, இழைமாவு என்னும் இனிப்பு மாவில் வைத்துச் சுடர் ஏற்றி, அந்தச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்கிறோமே, அது டிசம்பர் கடைசியை ஒட்டி வருகிறது. கடலில் திசை தெரியாமல் தவித்த நகரத்தார் பிள்ளையாரை வேண்டிக் கரை சேர்ந்தார்கள், அதிலிருந்து வந்த நோன்பு என்று என் அப்பத்தா சொல்வார். எட்மண்டனில் ஒரு வீட்டில் நான்கைந்து குடும்பம் கூடினோம். வெளியே மைனஸ் 27 டிகிரி. ஆவாரம்பூ கிடைக்கவில்லை, ஒருவர் ஊரிலிருந்து உலர்த்திக் கொண்டுவந்திருந்ததை வைத்தோம். வயதில் மூத்தவர் ஒவ்வொருவருக்கும் இழை எடுத்துக் கொடுத்தார். வருடத்தில் மிக நீண்ட இரவுகளில் ஒன்றில் பிள்ளைகள் வரிசையாக வந்து சுடரை வாங்கி விழுங்கியதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இந்த நோன்பை இத்தனை வருடம் அதன் வெளிச்சத்துக்காக நான் கவனித்ததே இல்லை.

பிறகு ஜனவரி வருகிறது. பண்டிகை இல்லை, விடுமுறை இல்லை. பொங்கல் அன்றைக்கும் வேலை நாள். பனி அழுக்காகித் தெருவோரம் குவிந்து கிடக்கிறது. அதே கோட்டு, அதே பூட்ஸ், வாசலில் அதே உப்புக் கறை. பகல் நீள ஆரம்பித்துவிட்டது என்று கணக்கு சொல்கிறது. உடம்புக்கு அது தெரியவில்லை. நவம்பரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்த தெம்பு பிப்ரவரியில் அடி மட்டத்துக்கு வந்துவிடுகிறது. நமக்கு மாசி மகமும் சிவராத்திரியும் வந்து, மாம்பூ வாசனை அடிக்கும் காலம். நாம் உற்சாகமாகப் பேசுகிறோம். அங்கே இன்னும் இரண்டு மாதம் பனி பாக்கி. மார்ச் மாதம் ஒருநாள் நன்றாக வெயில் அடித்துப் பனியெல்லாம் உருகியது. நான் குளிர்காலம் முடிந்தது என்று சொல்லி வாசலில் மாக்கோலம் போட்டேன். மறுநாள் காலையில் கோலத்துக்கு மேல் முழங்கால் அளவு பனி. அன்றைக்கு நான் உட்கார்ந்து அழுதேன். அறுபத்து மூன்று வயதில், ஒரு கோலத்துக்காக.

அதனால் பிள்ளை மார்ச்சில் எரிந்து விழுந்தால், அதற்குப் பின்னால் நவம்பரிலிருந்து வந்த நாட்கள் அத்தனையும் இருக்கின்றன என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஐயாமார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போய்ப் பத்து வருடம் இருக்கவில்லையா? இந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் என்ன?

ரங்கூன், பினாங்கு, கொழும்பு, சைகோன் என்று அவர்கள் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன ஊர்கள் எல்லாம் வெயில் ஊர்கள். பிரிவை அவர்கள் தாங்கினார்கள், நோயைத் தாங்கினார்கள், 1942-ல் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களும் உண்டு. ஆனால் நான்கு மணிக்கு மறையும் சூரியனை அவர்கள் பார்த்ததில்லை. அதற்கு நம்மிடம் பழமொழியும் இல்லை, கைவைத்தியமும் இல்லை. இந்த இருட்டை நம் வம்சத்தில் முதலில் பார்ப்பவர்கள் இந்தப் பிள்ளைகள்தான். ஐயாவைக் காட்டி அவர்களை மட்டம் தட்டாதீர்கள்.

ஏதோ வெளிச்சப் பெட்டி என்கிறார்களே, அது உண்மையா, வியாபாரமா?

உண்மை. நாற்பது வருடமாக மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். 10,000 லக்ஸ் வெளிச்சம் தரும் விளக்கு. தீங்கு செய்யும் புற ஊதாக் கதிரை வடிகட்டியதாக இருக்க வேண்டும். காலையில் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், இருபது முதல் முப்பது நிமிடம், அதன் எதிரே உட்கார வேண்டும். எவ்வளவு தூரம் என்பதை அந்தந்த விளக்கோடு வரும் தாளில் போட்டிருப்பார்கள். என் மகளுடையதற்கு ஒரு முழத்துக்குச் சற்று அதிகம். தள்ளி உட்கார்ந்தால் பலன் சட்டென்று குறைந்துவிடும். விளக்கையே உற்றுப் பார்க்கக் கூடாது. கண் திறந்திருக்க, வெளிச்சம் முகத்தில் விழ, காபி குடிக்கலாம், பேப்பர் படிக்கலாம். மாலையில் போட்டால் ராத்திரித் தூக்கம் கெடும். பலருக்கு ஓரிரு வாரத்தில் வித்தியாசம் தெரிகிறது. இலையுதிர் காலத்திலேயே ஆரம்பித்து, வெயில் வரும் வரை தினமும் செய்ய வேண்டும்.

எல்லோருக்கும் ஆகாது. சர்க்கரை நோயால் விழித்திரை பாதித்தவர்கள், வேறு கண் நோய் உள்ளவர்கள், வெளிச்சம் பட்டால் தோல் தடிக்கும்படியான மருந்து சாப்பிடுபவர்கள், மனம் ஒரு காலம் மிகவும் தாழ்ந்தும் ஒரு காலம் மிகவும் ஏறியும் போகும் இருமுனைக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது.

விளக்கு வாங்க முடியாவிட்டாலும், பகல் வெளிச்சத்தில் நடப்பது பெரிய மருந்து. என் மகள் இப்போது மதியச் சாப்பாட்டு இடைவேளையில் இருபது நிமிடம் வெளியே நடந்துவிட்டு வருகிறாள். மேகமாக இருந்தாலும் போகிறாள். முதலில் நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். வழுக்கி விழுந்துவிடுவேனோ என்று அவள் பயந்து, செருப்புக்கடியில் மாட்டும் இரும்பு முள் வாங்கிக் கொடுத்தாள்.

வைட்டமின் டி மாத்திரையை இங்கிருந்து வாங்கி அனுப்பட்டுமா?

கொஞ்சம் நில்லுங்கள். குறைபாடு உண்மைதான். நம் தோலில் வைட்டமின் டி உண்டாகத் தேவையான கதிர், குளிர்காலத்தில் அந்த உயரத்துச் சூரியனிலிருந்து தரைக்கு வருவதில்லை. 1988-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, எட்மண்டனில் அக்டோபர் முதல் மார்ச் வரை தோல் அதை உண்டாக்குவதில்லை என்று காட்டியது. வெயிலில் நின்றாலும் பயனில்லை. நம் கறுத்த தோலுக்குக் கோடையிலும் அதிக நேரம் வெயில் வேண்டும்.

ஆனால் இங்கே மருந்துக் கடையில் தருவது பெரும்பாலும் வாரம் ஒன்று போடும் 60,000 யூனிட் மாத்திரை. அதைத் தினமும் போடுவது என்று நினைத்துச் சாப்பிட்டுவிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் வரை கெடும். கனடா அரசு எழுபது வயது வரை உள்ளவர்களுக்குச் சொல்லும் அளவு நாளுக்கு 600 யூனிட். 4,000-ஐத் தாண்டக் கூடாது. அங்கே பாலிலேயே சேர்த்து விற்கிறார்கள். அவர்கள் ஊரில் ரத்தம் பார்த்து, அவர்கள் மருத்துவர் சொல்லும் அளவைச் சாப்பிடட்டும். இது எலும்புக்கும் தசைக்கும் உதவும். மன அயர்ச்சிக்கு இதுதான் மருந்து என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வெளிச்சத்துக்கு மாற்றாக எண்ணிவிடாதீர்கள்.

பலகாரம் அனுப்பினால் தெம்பாக இருக்குமா?

அனுப்புங்கள், பிள்ளை சந்தோஷப்படும். சீப்புச் சீடை டப்பாவைத் திறந்ததும் என் மகள் முகம் மாறியதைப் பார்த்தேன். ஆனால் மாவும் இனிப்பும் கேட்பது அந்த அயர்ச்சியின் குணங்களில் ஒன்று என்பதால், ஐந்து கிலோ மனகோலம் அனுப்பினால் அது இரண்டு வாரத்தில் தீரும், எடை மட்டும் நிற்கும். பருப்புப் பொடி, சுண்டைக்காய் வற்றல், கும்மாயத்துக்கு வறுத்து அரைத்த மாவு என்று, அடுப்படியில் கொஞ்சம் நின்று செய்ய வேண்டியதை அனுப்பிப் பாருங்கள். தாளிக்கும் வாசனை வீட்டில் எழும்பும்போது பிள்ளை எழுந்து நின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

போனில் என்ன பேசுவது? எதைச் சொன்னாலும் கோபம் வருகிறது.

முதலில் எப்போது பேசுகிறீர்கள் என்று பாருங்கள். நான் முன்பு காபி குடித்துவிட்டுக் காலை ஏழு மணிக்குக் கூப்பிடுவேன். எட்மண்டன் குளிர்காலத்தில் நமக்குப் பன்னிரண்டரை மணி பின்னால் இருந்தது. என் காலை ஏழு மணி அவளுக்கு முந்தின நாள் மாலை ஆறரை. இருட்டில் வேலை முடிந்து, இருட்டில் வண்டி ஓட்டி, சமைக்கத் தெம்பில்லாமல் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கும் நேரம். ஒவ்வொரு நாளும் அவளுடைய மிக மோசமான அரை மணி நேரத்தைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டிருக்கிறேன்.

இப்போது நான் சுவாமி விளக்கை ஏற்றி, பலகாரம் முடித்து, ராத்திரி ஏழரைக்குக் கூப்பிடுகிறேன். அவளுக்குக் காலை ஏழு. அவள் வெளிச்சப் பெட்டிக்கு எதிரே உட்காரும் நேரம் அது. நான் பேசுவதால் அவள் எழுகிறாள், எழுவதால் உட்காருகிறாள். அரை மணி நேரம் போவது தெரிவதில்லை. உங்கள் பிள்ளை இருக்கும் ஊரின் நேரத்தை எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். மார்ச்சில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தும் ஊர்களில் நீங்களும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

என்ன பேசுவது என்றால், சின்ன விஷயங்களைப் பேசுங்கள். ஊருணியில் தண்ணீர் எவ்வளவு, எந்த வீட்டில் ஓடு மாற்றுகிறார்கள், சந்தையில் கத்தரிக்காய் என்ன விலை. என் மகள் ஒருமுறை, "போனை முற்றத்தில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள் அம்மா, நான் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றாள். தூணில் சாய்த்து வைத்தேன். காக்கை வந்தது, வேலைக்காரம்மாள் தண்ணீர் தெளித்தார், அவ்வளவுதான். முக்கால் மணி நேரம் பார்த்தாள்.

கேட்கக் கூடாதவையும் உண்டு. "இன்னுமா எழுந்திருக்கவில்லை?" "எல்லோரும் அங்கே இருக்கவில்லையா?" "எடை போட்டுவிட்டாயே?" என்ற மூன்றையும் நான் விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக, "இன்றைக்கு வெளிச்சத்தில் வெளியே போனாயா?" என்று ஒன்று மட்டும் கேட்கிறேன். போகவில்லை என்றால் சரி என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போகிறேன்.

கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. இருட்டு இரண்டு பேருக்கும் இருட்டுதான். வரப்போகும் பெண்ணோ பையனோ யார் பெற்ற பிள்ளையாக இருந்தாலும், மருந்தாக அனுப்பாதீர்கள். கல்யாணத்தை அதற்குரிய காரணத்துக்காகச் செய்யுங்கள்.

இது சாதாரண அயர்ச்சிதானா, பயப்பட வேண்டியதா? எப்படித் தெரிந்துகொள்வது?

சோர்வாக இருந்தாலும் வேலைக்குப் போகிறான், குளிக்கிறான், சாப்பிடுகிறான், ஏதோ ஒன்றுக்குச் சிரிக்கிறான் என்றால் மேலே சொன்னவை உதவும். இரண்டு வாரத்துக்கு மேல், அநேகமாக ஒவ்வொரு நாளும், நாள் முழுவதும் மனம் தாழ்ந்தே இருந்தால், வேலைக்குப் போவது நின்றால், குளிப்பதும் சமைப்பதும் நின்றால், போன வருடமும் இதே மாதத்தில் இப்படி ஆனது என்றால், மருத்துவரிடம் போக வேண்டும். வெளிச்ச சிகிச்சை, பேச்சு வழிச் சிகிச்சை, மாத்திரை என்று மூன்று வழியும் இருக்கின்றன. தேவைப்பட்டால் சேர்த்தும் தருகிறார்கள். மாத்திரை என்றதும் "பைத்தியமா?" என்று கேட்கும் பெரியவர்கள் தயவுசெய்து வாயை மூடிக்கொள்ள வேண்டும். தைராய்டு, ரத்தசோகை ஆகியவையும் இதே அயர்ச்சியைத் தரும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் அவசியம்.

"நான் இருந்து என்ன பயன்", "இனி உங்களுக்குத் தொந்தரவு இருக்காது" என்பது போன்ற பேச்சு வந்தால் அன்றைக்கே நடவடிக்கை எடுங்கள். சாகத் தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கனடாவிலும் அமெரிக்காவிலும் 988 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்த நேரமும் பேசலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். இங்கிலாந்தில் 116 123. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் கனடா, அமெரிக்காவில் 911, இங்கிலாந்தில் 999. பக்கத்தில் இருக்கும் நண்பர் ஒருவரின் எண்ணை உங்களிடம் எப்போதும் வைத்திருங்கள். கதவைத் தட்ட ஓர் ஆள் வேண்டும். இங்கே உங்களுக்கே ஆலோசனை வேண்டுமென்றால் டெலி மானஸ் என்ற அரசுச் சேவையின் எண் 14416. தமிழில் பேசலாம்.

நாங்கள் போய்க் கூட இருக்கலாமா?

முடிந்தால் போங்கள். ஆனால் நீங்களும் அந்த இருட்டுக்குள்தான் போகிறீர்கள். நான் பிள்ளையைத் தேற்றப் போய், ஜனவரியில் நானே பகல் பதினொரு மணிக்கு எழுந்தேன். தினமும் வெளியே போக ஒரு வேலையை வைத்துக்கொள்ளுங்கள். எட்மண்டனில் முட்டார்ட் தாவரப் பூங்கா என்று ஒன்று இருக்கிறது, நான்கு கண்ணாடிப் பிரமிடுகள், 1976-ல் திறந்தது. ஒரு பிரமிடுக்குள் வெப்ப நாட்டுச் செடிகள். பனிக்கோட்டோடு உள்ளே நுழைந்ததும் ஈர மண் வாசனையும் சூடும் முகத்தில் அடித்தன. என் மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. அதைத் துடைக்காமல் அப்படியே நின்றேன். வாரம் ஒருமுறை மகளையும் அழைத்துப் போனேன். உங்கள் பிள்ளை இருக்கும் ஊரிலும் இப்படி ஒரு கண்ணாடித் தோட்டமோ, பெரிய ஜன்னல் வைத்த நூலகமோ இருக்கும். போன முதல் வாரத்திலேயே விசாரித்துவிடுங்கள்.

பேசாமல் திரும்பி வரச் சொல்லிவிடட்டுமா?

பிப்ரவரியில் இதைக் கேட்காதீர்கள். அந்த மாதத்தில் கேட்டால் வந்துவிடுகிறேன் என்பாள். அல்லது, தோற்றுவிட்டேன் என்று நினைக்கிறீர்களா என்று அழுவாள். ஜூலையில் கேளுங்கள். ஜூலையில் வரும் பதில் முழு மனதோடு வரும். என் மகளிடம் அப்படிக் கேட்டேன். இருக்கிறேன் என்றாள், பேஸ்மெண்டை விட்டு மேல்தளத்துக்கு, தெற்குப் பார்த்த ஜன்னல் உள்ள வீட்டுக்கு மாறிக்கொண்டாள். வாடகை அதிகம். அந்த அதிகப் பணத்தை மருந்துச் செலவு என்று எழுதிக்கொள் என்று சொன்னேன்.

விடுமுறையை டிசம்பரில் எடுக்காமல் பிப்ரவரியில் எடுத்து ஊருக்கு வரச் சொல்வதும் ஒரு வழி. டிக்கெட்டும் அப்போது டிசம்பர் விலை இருக்காது.

இது எப்போது முடியும்?

மார்ச் மாதம் எட்மண்டனில் பகல் நாளொன்றுக்கு நான்கு நிமிடம் போல் நீள்கிறது. வாரத்துக்கு அரை மணி நேரம். ஏப்ரலில் தெருவோரப் பனி கரைந்து ஓடுகிறது. மே நடுவில் மரங்கள் ஒரே வாரத்தில் துளிர்த்துவிடுகின்றன. அநேகமாக அதற்கு முன்பே பிள்ளையின் குரல் மாறிவிடும்.

போன மே மாதம், இங்கே அக்கினி நட்சத்திரம். மதியம் முழுவதும் பட்டாலை என்னும் கூடத்தின் கதவைச் சாத்தி, ஆத்தங்குடிக் கல் தரையில் தண்ணீர் தெளித்துப் படுத்துக் கிடந்தேன். ராத்திரி ஏழரைக்குக் கூப்பிட்டால் அவள் எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள். காலையிலேயே ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருந்தாளாம், மூச்சு வாங்கியது. ராத்திரி ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் போகமாட்டேன் என்கிறது அம்மா, தூங்க முடியவில்லை, ஜன்னலுக்குத் தடித்த திரையாக ஒன்று வாங்க வேண்டும் என்றாள்.